கடித்து வைத்த ரொட்டி

எர்காஷ் வீட்டு முற்றத்து மைனாக்கள் அந்த இலையுதிர் காலத்தில் கொழுத்துப் போயிருந்தன. தாஷ்கந்திலிருந்து மலை தாண்டி இருக்கிற குவா ஊரில் மாதுளை பழுத்து வெடிக்கிற பருவம் அது. எந்த வீட்டு மைனாவும் பட்டினி கிடக்காதுதான். ஆனால் இந்த வீட்டு மைனாக்களுக்குப் பறக்கவே சோம்பல். ஆள் பக்கத்தில் போனால் நகர்ந்து வழிவிடுமே ஒழிய இறக்கையை விரிக்காது. "எங்க அத்தாவோட சேர்ந்து இதுங்களுக்கும் பென்ஷன் வந்துடுச்சு" என்று மஸ்தூரா பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சிரித்திருக்கிறாள். சிரித்த வாயை அப்புறம் நினைத்து நினைத்து நொந்துகொண்டாள்.

மஸ்தூரா எர்காஷின் மகள். அடுத்த தெருவில்தான் வாக்கப்பட்டிருந்தாள். அம்மா ஸாலிஹா இறந்துபோனதிலிருந்து காலையில் வந்து தகப்பனுக்குத் தேநீர் போட்டுவிட்டுப் பாடம் சொல்லிக்கொடுக்கப் பள்ளிக்கூடம் போவாள். சாயங்காலம் வந்து சமைத்து வைத்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போவாள். அண்ணன் ஒதில்ஜான் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருந்தான். போனில் மட்டும் வருவான்.

ஒரு நாள் காலை வழக்கத்தைவிட முன்னாலேயே வந்துவிட்டாள். வாசல் கதவு ஒருக்களித்துக் கிடந்தது. மாதுளை மரத்துக்குப் பின்னால் அத்தா குந்தி உட்கார்ந்திருந்தார். வாயில் எதையோ நெடுநேரமாக மென்றுகொண்டிருந்தார். பிறகு கழுத்தை நீட்டி, கண்ணை இறுக்கி, மார்பில் கையை வைத்து அழுத்தினார். ஒரு முறை, இன்னொரு முறை. முகம் சிவந்தது. கடைசியில் உள்ளங்கையில் துப்பி, அதைச் சுவர் மேல் வைத்தார். மைனாக்கள் தத்தித் தத்தி வந்தன. எர்காஷ் தன் விரல்களை முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டார்.

ரொட்டி ஒரு துணுக்கு கீழே விழுந்தாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மனுஷர் அவர். சாப்பாட்டு விரிப்பில் ரொட்டியைக் குப்புற வைத்துவிட்டார்கள் என்று சம்பந்தி வீட்டு விருந்திலேயே கோபித்துக்கொண்டு எழுந்தவர். அவரா மென்ற ரொட்டியைத் துப்புகிறார்? அதைவிட மோசமான ஒன்றும் மஸ்தூராவுக்கு ஞாபகம் வந்தது. அம்மாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. ரொட்டி இறங்க மாட்டேன் என்கிறது என்றுதான் அம்மாவும் முதலில் சொன்னாள்.

"என்ன அத்தா இது?"

எர்காஷ் திடுக்கிட்டு எழுந்தார். "மைனாவுக்கு இரை போடுறேன். குளிர் வருதுல்ல, பாவம்."

"மென்னா போடுவாங்க?"

"அதுங்களுக்குப் பல்லு இல்லையே, மகளே."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். "எத்தனை நாளா எறங்கல?"

"எது?"

"ரொட்டி, அத்தா. ரொட்டி."

"பல்செட்டு சரியில்ல. அந்தப் பல் டாக்டர் பய கழுதைக்குச் செஞ்ச செட்ட எனக்கு மாட்டி விட்டுட்டான்."

அவள் உள்ளே போய், கதவுக்குப் பின்னால் தொங்கிய அவருடைய கோட்டின் பையைத் திருப்பிப் போட்டாள். ரொட்டித் தூள் கொட்டியது. ஒவ்வொரு வேளையும் ரொட்டியைப் பிய்த்து எல்லாருக்கும் பங்கு வைப்பவர் வீட்டுப் பெரியவர்தான். தன் பங்கைத் தேநீரில் நனைப்பார், திரும்ப நனைப்பார், பேச்சுக் கொடுப்பார். அவள் சமையல்கட்டுக்குத் திரும்பியதும் அது பைக்குள் போயிருக்கிறது. இத்தனை நாளும் குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியாரம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து ஏமாற்றியிருக்கிறார்!

அன்றிலிருந்து அந்த வீட்டில் யுத்தம்தான்.

"ஒரே ஒரு டெஸ்ட்டு, அத்தா. வாய் வழியா ஒரு சின்ன குழாய் விட்டுப் பாப்பாங்க. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சிரும்."

"கம்சிக் கணவாயில பிரேக் போன பஸ்ஸ நாப்பது உசுரோட எறக்கினவன் நான். ஒரு துண்டு ரொட்டிய எறக்கத் தெரியாதா எனக்கு? போ, போயி டீயப் போடு."

கெஞ்சிப் பார்த்தாள். நடக்கவில்லை. ஊர் டாக்டரை விருந்தாளி மாதிரி வீட்டுக்கு வரவழைத்தாள். பலாவ் சோறு ஆக்கினாள். எர்காஷ் தடபுடலாக உபசாரம் செய்தார். பழைய பஸ் கதைகளைச் சொல்லி டாக்டரின் கண்ணில் நீர் வரச் சிரிக்க வைத்தார். டாக்டர் கைகழுவிவிட்டு, "பெரியவரே, கழுத்த ஒரு தடவை தொட்டுப் பாக்கட்டுமா?" என்று கேட்டதும் மாதுளையை எடுத்து அவர் கையில் திணித்தார். வாசலில் டாக்டர் மஸ்தூராவிடம், "தாஷ்கந்துக்குக் கூட்டிட்டுப் போங்க, தள்ளிப் போடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். "வாயத் தொறக்கற வரைக்கும் நல்ல விருந்தாளியாதான் இருந்தான்" என்றார் எர்காஷ்.

ஒதில்ஜான் போனில் கத்தினான். எர்காஷ் போனைக் கொண்டுபோய்க் கோழிக்கூண்டுக்குள் வைத்துவிட்டு வந்தார். பையன் கோழிகளுக்கு ரொம்ப நேரம் புத்தி சொன்னான்.

சிரிப்புக்குக் குறைச்சலில்லை. மனுஷர்தான் குறைந்துகொண்டே வந்தார். இடுப்பு வாரில் ஆணியால் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டார். தொழுகைக்கு எழுந்து நிற்கும்போது கோட்டு மட்டும் நிற்பது போலிருந்தது. மஸ்தூரா ராத்திரி தன் வீட்டில் புருஷனுக்குத் தெரியாமல் அழுதாள். காலையில் வந்து திரும்பவும் சண்டை போட்டாள். ஒன்றும் பலிக்கவில்லை என்றானபோது கடைசியாக ஒரு காரியம் செய்தாள்.

எர்காஷ் ரொட்டியைப் பிய்த்து அவள் பங்கை அவள் முன்னால் வைத்தார். அவள் தொடவில்லை. வெறும் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்தாள். சாயங்காலமும் அப்படியே. மறுநாளும் அப்படியே. பெரியவர் கையால் வைத்த ரொட்டியைத் தொடாமல் எழுவது என்றால் அந்த ஊரில் கன்னத்தில் அறைந்த மாதிரி. மூன்றாம் நாள் எர்காஷுக்குப் பொறுக்கவில்லை.

"என்ன, என் கைபட்ட ரொட்டி கசக்குதோ?"

"உங்களுக்கு எறங்காத ரொட்டி எனக்கு எதுக்கு?"

"ரொட்டிய அவமானப்படுத்தாதே!"

"நானா? நானா அதத் துப்பினேன்?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். எர்காஷின் முகம் தொங்கிப் போயிற்று. திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் திட்டவில்லை. தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, அதையே பார்த்தபடி பேச ஆரம்பித்தார்.

"உங்க அம்மாவ நான்தான் கூட்டிட்டுப் போனேன். இப்ப நீ பண்றியே, இதே மாதிரி. கெஞ்சி, மெரட்டி, சத்தம் போட்டு. வரமாட்டேன்னு எவ்வளவு அடம் புடிச்சா தெரியுமா? இழுத்துட்டுப் போனேன். டாக்டரு என்னை மட்டும் உள்ள கூப்பிட்டாரு. அவ வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தா, மடியில என் தொப்பிய வச்சுக்கிட்டு. உள்ள விஷயத்தச் சொன்னாங்க. சொல்லிட்டு, 'அவங்ககிட்ட சொல்லிடாதீங்க, மனசு ஒடஞ்சிரும்'னாங்க. அந்த நாற்காலிக்கும் கதவுக்கும் எவ்வளவு தூரம் இருந்திருக்கும்? இந்த விரிப்பு நீளம் இருந்திருக்குமா? அதுக்குள்ள நான் ஒரு மூஞ்சிய செஞ்சாகணும், மகளே. சிரிச்ச மூஞ்சி. செஞ்சேன். 'வெறும் புண்ணுதான் ஸாலிஹா, மாத்திரைக்கு ஆறிடும்'னேன்."

"எங்கிட்டயும் புண்ணுன்னுதானே சொன்னீங்க." மூன்று வருஷமாக அவள் மனதில் கிடந்த கல் அது.

"உங்கிட்ட சொல்லியிருந்தா வீட்டுல ரெண்டு பேரு மூஞ்சி செய்யணும். ஒருத்தன் செஞ்சது போதாதா? காலையில எந்திரிச்சதும் அத மாட்டிக்கணும், அவ தூங்குற வரைக்கும் கழட்டக் கூடாது. மனுஷனுக்கு அழக்கூட ஒரு எடம் வேணும்ல? பஸ் ஷெட்டுல பழைய டயர அடுக்கி வச்சிருப்பான். அதுக்குப் பின்னால போயி அழுதுட்டு, மூஞ்சியக் கழுவிட்டு வீட்டுக்கு வருவேன்."

மஸ்தூரா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கடைசி நாள் என் கையப் புடிச்சுக்கிட்டுச் சொன்னா. 'பாவம் நீங்க, எவ்வளவு நல்லா நடிச்சீங்க'ன்னா. அவளுக்கு எல்லாம் தெரியும். நான் கதவத் தொறந்து சிரிச்சேன் பாரு, அப்பவே தெரிஞ்சிருச்சாம். என் மனசு ஒடஞ்சிரும்னு அவ தெரியாத மாதிரி இருந்திருக்கா. அத்தனை மாசம் ஒரே வீட்டுல, ஒரே விரிப்புல. ஒரு வார்த்தை பேசிக்கலியே நாங்க. அவளுக்குச் சாவு வருதுன்னு அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ரெண்டு பேரும் மாதுளை விலையப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம்."

தொப்பியைத் திரும்பத் தலையில் வைத்துக்கொண்டார்.

"குழாய்க்கு எனக்குப் பயமில்ல. அதுக்கு அப்புறம் வர்றதுக்கும் பெரிசா பயமில்ல. ஆனா உன்னை அந்த ரூமுக்குள்ள கூப்பிடுவாங்க. நீ வெளிய வந்து எனக்கு அந்த மூஞ்சியக் காட்டுவே. அத எப்படிச் செய்யறதுன்னு எனக்குத் தெரியும். என் புள்ள அதச் செய்யறத என்னால பாக்க முடியாது. விட்டுடு என்னை."

மஸ்தூரா கண்ணைத் துடைத்தாள். விரிப்பின் நடுவிலிருந்த பிய்க்காத ரொட்டியை இரண்டு கையாலும் எடுத்துத் தன் முன்னால் வைத்து, அதன் மேல் வலது கையை வைத்தாள்.

"உள்ள என்ன சொல்றாங்களோ, வெளிய வந்து அப்படியே உங்ககிட்ட சொல்றேன். ஒரு வார்த்தை மறைச்சா இந்த ரொட்டி என்னை அடிக்கட்டும்."

"கைய எடு! வெளையாட்டா அது? சொல்லிட்டு மீற முடியாது."

"மீற மாட்டேன் அத்தா. நானும் நீங்களும் மாதுளை விலை பேச மாட்டோம்."

எர்காஷ் மகளையே பார்த்தார். கை ரொட்டியை விட்டு நகரவில்லை. "உங்க அம்மா மாதிரியே சனியன் புடிச்ச பிடிவாதம் உனக்கு" என்றார். பிறகு, "வெள்ளிக்கிழமை தொழுகை முடியட்டும், கெளம்புவோம்" என்றார்.

சனிக்கிழமை காலை தாஷ்கந்து போகிற வாடகைக் கார் வாசலில் நின்றது. தூரப் பயணம் போகிறவர் ஒரு ரொட்டியில் ஒரு வாய் கடித்துவிட்டுப் போக வேண்டும்; திரும்பி வந்து மிச்சத்தைத் தின்று முடிக்கிற வரைக்கும் அது வீட்டில் காத்திருக்கும், வேறு யாருக்கும் கிடையாது. மஸ்தூரா புதிதாகச் சுட்ட ரொட்டியை நீட்டினாள். எர்காஷ் ஓரத்தில் சின்னதாகக் கடித்தார். கடித்ததைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டார். அவள் மிச்சத்தைத் துணியில் சுற்றிச் சமையல்கட்டுக் கதவோரத்து ஆணியில் மாட்டினாள். கார் தெருமுனை திரும்பும் முன் எர்காஷ் ஜன்னலை இறக்கி, கைக்குட்டையை வாயில் வைத்துத் துடைத்துக்கொண்டார். அவள் பார்க்காத மாதிரி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வழி முழுக்க எர்காஷ் பின் சீட்டில் உட்கார்ந்தே வண்டி ஓட்டினார். "கியர மாத்து தம்பி. இந்த வளைவுல பிரேக் மிதிக்காதே, உங்கப்பன் வீட்டு ரோடா இது?" என்று டிரைவரை வறுத்தெடுத்தார். கணவாயின் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் மட்டும் பேச்சை நிறுத்தினார். இருட்டில் மஸ்தூராவின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, வெளிச்சம் வந்ததும் விட்டுவிட்டார்.

தாஷ்கந்தில் மஸ்தூராவின் நாத்தனார் வீட்டில் தங்கினார்கள். குழாய் விட்டுப் பார்த்தார்கள். ஒரு துணுக்குச் சதை எடுத்து அனுப்பினார்கள். படம் பிடித்தார்கள். முடிவு வருகிற நாளில் எர்காஷ் சவரம் செய்துகொண்டு, கல்யாணத்துக்குப் போகிற கோட்டைப் போட்டுக்கொண்டார். ஆஸ்பத்திரி நடையில் ஒரு பெஞ்சு. அவர் அதைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"எர்காஷோட சொந்தக்காரங்க யாரு? உள்ள வாங்க" என்று நர்ஸ் கூப்பிட்டாள்.

"போ மகளே" என்றார் அவர். "நான் இங்கதான் இருக்கேன்."

டாக்டரம்மா நடுவயதுக்காரி. மஸ்தூரா உட்காரும் முன்னாலேயே சொல்லிவிட்டாள். "எங்க அத்தாவையும் கூப்பிடுங்க. அவர்கிட்ட எதையும் மறைக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினாள். "நம்ம பக்கத்துல முதல்ல வீட்டாளுங்ககிட்டதான்மா சொல்லுவோம். நீங்க கேளுங்க. கேட்ட பிறகும் கூப்பிடணும்னா நானே போயிக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வரேன்."

மஸ்தூரா கேட்டாள். அம்மாவுக்கு வந்த அதே நோய். பரவிவிட்டது. கோடைக்கு முன்னால் வந்திருந்தால் கத்தி வைத்துப் பார்த்திருக்கலாம், இனி முடியாது. கஞ்சியும் சூப்பும் இறங்க உள்ளே ஒரு குழாய் வைக்கலாம், அவ்வளவுதான். கோடைக்கு முன்னால்! அப்போதே மைனாக்கள் முற்றத்துக்கு வர ஆரம்பித்திருந்தன. அவள்தான் பென்ஷன் என்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வசந்தத்துல ஆப்ரிகாட் பூக்கறதைப் பாப்பாரா?" என்று கேட்டாள்.

டாக்டரம்மா மேசையைப் பார்த்துக்கொண்டு, "பூக்கறதுக்கு இன்னும் நாளிருக்கேம்மா" என்றாள். பிறகு, "கூப்பிடட்டுமா?" என்றாள்.

கூப்பிடுங்கள் என்று சொல்லத்தான் மஸ்தூரா வாயைத் திறந்தாள். தலைதான் இல்லையென்று ஆடியது. நானே சொல்கிறேன், வெளியே போனதும் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாள். பாவம், அவளைக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்?

கதவைத் திறந்தாள். எர்காஷ் எழுந்து நின்றார். மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, பரீட்சை முடிவுக்கு நிற்கிற பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அவள் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையைக் கண்டதும் அவள் முகம் அவள் பேச்சைக் கேட்கவில்லை. தானாகவே சிரித்தது.

"வெறும் புண்ணுதான், அத்தா."

எர்காஷ் தொப்பியைத் தலையில் வைத்து, மெதுவாகச் சரிசெய்துகொண்டார். "அப்பாடா" என்றார். "மாத்திரை இருக்கா?"

"இருக்கு. ஆறிடுமாம்."

"அதானே! நான்தான் சொன்னேனே, ஒண்ணும் இருக்காதுன்னு. உன் கூச்சல்ல இத்தனை தூரம் வந்தேன். வா, கெளம்பலாம்."

நம்பிவிட்டார் என்று நினைத்தாள். அந்த நினைப்பில் ஒரு நொடி நிம்மதிகூட வந்தது, பாருங்கள். அப்புறம் அவள் வலது கை கனக்க ஆரம்பித்தது. ரொட்டி மேல் வைத்த கை. அதை மடியில் வைத்தாள், பைக்குள் வைத்தாள், எங்கே வைத்தாலும் கனத்தது.

திரும்பி வருகையில் எர்காஷுக்கு ஒரே குதூகலம். "டேய் தம்பி, எனக்கு வயித்துல புண்ணுடா. ராஜாவுக்கெல்லாம் வர்ற வியாதி" என்று டிரைவரிடம் பெருமையடித்தார். கணவாயில் வண்டியை நிறுத்தச் சொல்லி டிரைவருக்கு ரொட்டியும் காயவைத்த தயிர் உருண்டையும் வாங்கிக் கொடுத்தார். பழைய பஸ் கதைகளை ஒன்றுவிடாமல் சொன்னார். மஸ்தூரா முன் சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டு, நல்ல இடத்தில் சிரித்து, நல்ல இடத்தில் "ஆமா அத்தா" சொல்லிக்கொண்டு வந்தாள். ஒரு பகலுக்கே கன்னம் வலித்தது. அத்தா மாசக்கணக்கில் இதை எப்படிச் செய்தார்?

சாயங்கால வெயிலிருக்கும்போதே வீடு வந்து சேர்ந்தார்கள். எர்காஷ் கை கழுவிக்கொண்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார்.

"ரொட்டிய எடு, மகளே. வந்துட்டேன்ல."

"அது காஞ்சு போச்சு அத்தா. சூப்பு வைக்கிறேன், அதக் குடிங்க."

"சூப்பு கெடக்குது. நான் கடிச்சது அங்க காத்துக்கிட்டிருக்கு. எடு."

அவள் ஆணியிலிருந்து துணியை எடுத்து அவிழ்த்தாள். ஓரத்தில் அவருடைய பல் பதிந்த இடம் அப்படியே காய்ந்திருந்தது. அதை விரிப்பில் வைத்து, தேநீர் ஊற்றி, கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளினாள். அவர் கிண்ணத்தைத் தொடவில்லை. ஒரு துண்டை ஒடித்து அப்படியே வாயில் போட்டார்.

"நனைச்சுக்கங்க அத்தா..."

"எதுக்கு? புண்ணுதானே? புண்ணு இருக்கறவன் ரொட்டி தின்னக் கூடாதுன்னு டாக்டரு சொன்னாங்களா?"

"இல்ல."

"பின்ன என்ன."

மென்றார். அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மென்றார். பிறகு கழுத்தை நீட்டினார், கண்ணை இறுக்கினார், மார்பில் கையை வைத்து அழுத்தினார். மாதுளை மரத்துக்குப் பின்னால் பார்த்த அதே கோலம். இந்தத் தடவை துப்பவில்லை. முகம் கறுத்துச் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, இரண்டு கண்ணிலும் நீர் கோத்தது. தொண்டையில் ஏதோ கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. உள்ளே போய்விட்டது.

"பாத்தியா" என்றார், மூச்சு வாங்க. "எறங்கிடுச்சு. ஆறுது, மகளே. புண்ணு ஆறுது."

அடுத்த துண்டை ஒடித்து வாயில் போட்டார்.

அப்போதுதான் மஸ்தூராவுக்குப் புரிந்தது. அவருக்குத் தெரியும். கதவு திறந்தபோதே தெரியும். அவள் சொன்ன பொய் பொய்யாகிவிடக் கூடாதே என்று உயிரைக் கொடுத்து விழுங்கிக்கொண்டிருக்கிறார். அவர் மறுபடி கழுத்தை நீட்டியதும் அவள் விரிப்பைத் தாண்டிப் போய் அவர் கையைப் பிடித்துவிட்டாள்.

"வேணாம் அத்தா! துப்பிடுங்க. துப்பிடுங்க அத்தா, என் கையில துப்புங்க. புண்ணு இல்ல அது. புண்ணு இல்ல!"

எர்காஷ் அவள் உள்ளங்கையில் துப்பினார். அவள் அந்தக் கையை மூடிக்கொண்டாள். இருவருக்கும் மூச்சு வாங்கியது.

"அம்மாவுக்கு வந்ததா?"

"ஆமா."

"கத்தி வைக்க முடியாதாமா?"

"முடியாதாம்."

"ஆப்ரிகாட் பூக்கறதப் பாப்பேனா?"

அவள் மூடிய கையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். நீளமாக மூச்சு விட்டார். தோள் தளர்ந்து இறங்கியது.

"உங்க அம்மா கடைசி மூச்சு வரைக்கும் தாக்குப் புடிச்சா" என்றார். "நீ ஒரு நாள் பொழுதுகூட தாங்கலியே, அசடு." சிரிக்கத்தான் ஆரம்பித்தார். அது பாதியிலேயே அழுகையாகிவிட்டது. டயருக்குப் பின்னாலும் போகவில்லை, மரத்துக்குப் பின்னாலும் போகவில்லை. மகளுக்கு எதிரிலேயே உட்கார்ந்து, தொப்பியால் முகத்தைத் துடைத்துத் துடைத்து அழுதார். "பயமா இருக்கு மகளே" என்றார். "இருக்காதுன்னு சொன்னேன்ல, பொய். ரொம்ப பயமா இருக்கு." அவள் அவர் முழங்காலில் தலையைச் சாய்த்து அழுதாள். மனம்விட்டு அழுகிற பாக்கியம்கூட அந்த வீட்டுக்கு அன்றுதான் கிடைத்தது.

வெளிச்சம் முற்றத்தை விட்டுப் போகத் தொடங்கியது. எர்காஷ் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கடித்து வைத்த ரொட்டியை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"போயிட்டு வந்தவன்தான் தின்னு முடிக்கணும். என்னால ஆகல. மைனாவுக்குப் போட மனசு வரல. நீ தின்னு, நான் பாக்குறேன்."

மஸ்தூரா வாங்கி, அவர் பல் பட்ட இடத்திலேயே கடித்தாள். மென்றாள். விழுங்கப் பார்த்தாள், உள்ளே போகவில்லை. இன்னொரு தடவை முயன்றாள். கண்ணீரும் ரொட்டியும் வாய்க்குள்ளேயே நின்றன.

"அடிக்குது அத்தா" என்றாள். "சத்தியத்த மீறினேன்ல. ரொட்டி என்னை அடிக்குது."

"சேச்சே, அதெல்லாம் அடிக்காது." எர்காஷ் தன் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினார். அவளுடைய மூடிய கையைப் பிரித்து, அதிலிருந்ததைத் தன் கைக்குட்டையில் வாங்கிக்கொண்டார்.

"டீயில நனைச்சுக்க, மகளே. நனைச்சா எறங்கும்."